வெட்டுப்பட்ட ஆந்தை

மரியதாஸ் மாஸ்டர் ஒரு காசை வாங்குவதற்கு முன் அதை வரைந்து பார்ப்பார். வரைந்து முடித்த பிறகும் அது வேண்டும் என்று தோன்றினால்தான் வாங்குவார். இது அவருடைய சட்டம். தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், ஜாக்கெட் தைக்கிற கடைக்கு மேல்மாடியில் பழங்காசுக் கடை வைத்திருக்கும் அமீனுக்கு இந்தச் சட்டம் அத்துப்படி. மாஸ்டர் படியேறி வருகிற சத்தம் கேட்டாலே ஜன்னலோர மேசையைத் துடைத்துவிட்டு மின்விசிறியை நிறுத்திவிடுவார். தாள் பறக்கக் கூடாது.

"மாஸ்டர், நீங்க வரைஞ்சு முடிக்கிறதுக்குள்ள இந்தக் காசு இன்னும் நூறு வருஷம் பழசாயிடும். அப்புறம் விலைய ஏத்திடுவேன், பார்த்துக்கங்க."

"ஏத்திக்கோ. அதுவரைக்கும் வாய மூடிட்டு இரு. கை ஆடுது."

இதெல்லாம் மாஸ்டர் வீட்டுக்கு வந்து சொல்லித்தான் அவர் மனைவி டெல்பினுக்குத் தெரியும். அவள் அந்தக் கடைக்குப் போனதில்லை. போக வேண்டிய அவசியமும் வந்ததில்லை. டெல்பின் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதன் பிறகும் சும்மா இருக்காமல், படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். புரட்டிப் போடுவது, புண் வராமல் காப்பது, வாயில் போட்ட சோறு புரையேறாமல் இறங்குகிறதா என்று பார்ப்பது. உயிரோடு இருப்பவர்களைக் கவனிக்கவே பொழுது போதாதபோது, செத்து மண்ணாகப் போனவர்களின் சில்லறையைப் பற்றி யோசிக்க அவளுக்கு ஏது நேரம்?

மாஸ்டர் சாந்தோமில் பிறந்து சாந்தோமிலேயே வளர்ந்தவர். அப்பா வாத்தியார், பெரியப்பா உபதேசியார், குடும்பத்தில் பாதிப் பேர் கையில் சாக்பீஸ் தூள். இவர் ஓவிய ஆசிரியர். பையன்களுக்குக் கரும்பலகையில் கண், மூக்கு, காது போட்டுக் காட்டியே வேலைக்காலம் கழிந்தது. ஓய்வு பெற்ற வருஷம் ஒரு நாள் மயிலாப்பூரில் மழைக்கு ஒதுங்கி ஒரு மண்டபத்துக்குள் நுழைந்தார். உள்ளே நாணயக் கண்காட்சி. கண்ணாடிப் பெட்டிக்குள் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளிக் காசு. கிரேக்கர்களின் திராக்மா. சிங்கத் தோலைத் தலையில் போர்த்திய ஒரு வீரனின் முகம். அந்த நகத்தளவு இடத்துக்குள் கன்னத்தில் சதை இருந்தது. உதட்டில் ஒரு திமிர் இருந்தது. சிங்கத்தின் பிடரி ஒவ்வொரு முடியாகப் பிரிந்திருந்தது.

மழை நின்றது அவருக்குத் தெரியவில்லை. மண்டபத்துக்காரர்கள் விளக்கை அணைக்க ஆரம்பித்த பிறகுதான் நகர்ந்தார்.

"டெல்பி, அத ஒருத்தன் வெண்கல அச்சுல தலைகீழா, இடம் வலமா மாத்தி, குழியா வெட்டியிருக்கான். லென்ஸ் கிடையாது. கரண்ட் கிடையாது. அதுக்குள்ள வெள்ளிய வெச்சு சம்மட்டியால ஒரே அடி. அவ்ளோதான். நான் முப்பது வருஷமா சொல்லிக் குடுத்த மூக்கெல்லாம் மூக்கே இல்ல."

"சாப்பிட வாங்க. ரசம் ஆறிப்போச்சு" என்றாள் டெல்பின்.

அன்றைக்குத் தொடங்கியது. வருஷத்துக்கு ஒன்று, சில வருஷம் ஒன்றும் இல்லை. பென்ஷன்காரரின் சேகரிப்பு அப்படித்தான் இருக்கும். பழைய கிரேயான் பெட்டி ஒன்றின் பள்ளங்களில் பஞ்சு வைத்து, காசுகளை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார். போலிகளை எப்படிக் கண்டுபிடிப்பார் என்று அமீன் ஒரு தடவை கேட்டதற்கு, "போலிய வரையறது சுலபமா இருக்கும். கை தயங்கின இடமே அதுல இருக்காது" என்றாராம்.

ஒரு காசு மட்டும் அவருடைய சட்டத்துக்குப் பிடிபடாமல் இருந்தது. அமீன் கடையில் கிடந்த ஏதென்ஸ் நகரத்துக் காசு. நான்கு திராக்மா பெறுமானம், நல்ல கனம், பழைய ஐந்து ரூபாயைவிடத் தடி. ஒரு பக்கம் அதீனா என்கிற அவர்களுடைய தெய்வம், தலைக்கவசத்தோடு. மறு பக்கம் ஒரு ஆந்தை. உடம்பை ஒருக்களித்து நின்றபடி, முகத்தை மட்டும் நேராகத் திருப்பி, உருண்டைக் கண்ணால் பார்க்கிறவனை முறைக்கும். அந்த ஆந்தையின் தலையில் ஒரு வெட்டு. உளியை வைத்து ஓங்கி அடித்தது போல, நெற்றியிலிருந்து இரண்டு கண்ணுக்கும் நடுவாக இறங்கி, காசின் பாதித் தடிமன் வரை போயிருந்தது.

மூன்று தடவை போய் மூன்று தடவை வரைந்தார். மூன்று தடவையும் வாங்காமல் வந்தார்.

"ஏன்?" என்று கேட்டாள் டெல்பின், மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டே.

"முகத்துல வெட்டு. வரையறப்ப பென்சில் அந்த இடத்துக்குப் போனாலே கூசுது. நல்ல முகத்த எவனோ நாசம் பண்ணிட்டான்."

அதற்கு அடுத்த தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், அவருக்குப் பக்கவாதம் வந்தது.

காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. டம்ளரை அல்ல, அவர் வாயைத்தான் டெல்பின் பார்த்தாள். வலது ஓரம் தொங்கியிருந்தது. "கையத் தூக்குங்க" என்றாள். இடது கை எழுந்தது. அழுகைக்கெல்லாம் பிறகு நேரம் இருக்கும் என்று ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். சீக்கிரம் கொண்டுபோனதால் ஆள் பிழைத்தார். கால் திரும்பியது. குழறிய பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. வலது கை விரல்களும் மடங்கின, நீண்டன. ஆனால் அந்தக் கைக்கு உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. சுடுகிற டம்ளரைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார், தோல் சிவந்து கொப்புளம் கட்டும். பென்சிலைப் பிடிப்பார். கண் அதன் மேல் இருக்கும்வரை கையில் நிற்கும். கண் தாளுக்குப் போனால் பென்சில் கீழே கிடக்கும்.

ஒரு நாள் கிரேயான் பெட்டியை இடது கையால் மேசையில் அவள் பக்கம் தள்ளினார்.

"பூட்டி வெச்சிடு. இல்லன்னா அமீன் கிட்ட குடுத்துடு. வரைய முடியாதவன் வாங்கவும் கூடாது, வெச்சிருக்கவும் கூடாது."

டெல்பின் பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்தாள். நோயாளி சொல்வதற்கெல்லாம் பதில் சொல்லக் கூடாது என்று தன் மாணவிகளுக்கே சொல்லிக் கொடுத்திருந்தாள்.

பிசியோதெரபிக்கு வருகிற பெண் ஸ்ரீலக்ஷ்மி ஒரு வழி சொன்னாள். ஒரு டப்பா நிறைய அரிசி. அதற்குள் சாவி, பட்டன், காசு என்று மூன்று சாமான்களைப் புதைத்து வைக்க வேண்டும். கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, வலது கையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். மூளைக்குப் போகிற பழைய பாதை அடைத்துவிட்டால், போட்டுத் தேய்த்துத் தேய்த்து மூளை புதுப் பாதை போட்டுக்கொள்ளும். சில பேருக்குப் போடும், சில பேருக்குப் போடாது.

"லஸ்ல மெட்ரோ தோண்டறாங்களே ஆன்ட்டி, அந்த மாதிரி. ஊரெல்லாம் சுத்தி விடுவாங்க, கடைசில வழி வந்துடும்."

"வரும்கிறாங்க" என்றாள் டெல்பின்.

பிஸ்கட் டப்பா ஒன்றில் ரேஷன் அரிசியை நிரப்பி மேசை மேல் வைத்தாள். தினமும் துழாவினார். ஒன்றும் தெரியவில்லை. ஒரு ரூபாய், ஐந்து ரூபாய், பத்து ரூபாய் எல்லாம் அவர் விரலுக்கு அரிசியைப் போலவேதான் இருந்தன. டெல்பின் ஒரு பத்து ரூபாயைக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தாள். அவளுக்கே வழவழவென்றுதான் இருந்தது. இந்தக் காலத்துக் காசில் மேடு எங்கே, பள்ளம் எங்கே?

அப்போதுதான் அலமாரியிலிருந்த கிரேயான் பெட்டி ஞாபகம் வந்தது. திறந்து ஒவ்வொன்றாகத் தடவினாள். மேடு இருந்தது, நன்றாகவே இருந்தது. ஆனால் எல்லாம் பொடிக் காசுகள், விரலிடுக்கில் நழுவின. பெரிதாக, தடியாக ஒன்று வேண்டும்.

மறுநாள் சகினாவை மாஸ்டரோடு உட்கார வைத்துவிட்டு, டெல்பின் ஷேர் ஆட்டோ பிடித்து தி. நகர் போனாள். சகினா அந்த வீட்டில் வேலைக்கு வந்து வெகு காலமாகிறது. வீட்டு விஷயம் எதிலும் அவளுக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு.

அமீன் எழுந்து நாற்காலியைத் துடைத்தார். "அக்கா, மாஸ்டர் எப்படி இருக்காரு? பெட்டியக் குடுக்க வந்தீங்களா?"

"வாங்க வந்தேன். உங்க கிட்ட இருக்கிறதுலயே மேடு பள்ளம் அதிகமா இருக்கிற கிரேக்கக் காசெல்லாம் எடுத்துப் போடுங்க."

அமீன் வெல்வெட் தட்டில் ஐந்தாறு காசுகளை வைத்தார். எந்த ராஜா, எந்த ஊர், எவ்வளவு அபூர்வம் என்று ஆரம்பித்தார். டெல்பின் கைப்பையைத் திறந்து ரப்பர் கையுறை ஒரு ஜோடியை மாட்டினாள். அதன் மேல் இன்னொரு ஜோடி. அதற்கும் மேல் ஒன்று.

"என்னக்கா இது, ஆபரேஷனா?"

"அவர் விரல் மாதிரி என் விரலும் மரத்துப் போகணும். அப்பதான் எது தெரியும்னு தெரியும்."

கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். அமீன் ஒவ்வொரு காசாக அவள் உள்ளங்கையில் வைத்தார். முதல் காசு, ஒரு வட்டம், அவ்வளவுதான். இரண்டாவது, அதுவும் வட்டம். மூன்றாவதில் ஏதோ மேடு இருக்கிறது போலிருந்தது, சொல்ல முடியவில்லை. நான்காவதில் கட்டைவிரல் சட்டென்று நின்றது. மூன்று ரப்பருக்கும் கீழே ஒரு பள்ளம் விரலைப் பிடித்து இழுத்தது.

"இது" என்றாள்.

கண்ணைத் திறந்தாள். ஆந்தை முறைத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் சொல்லியே ஆகணும்" என்றார் அமீன். "இது வெட்டுப்பட்ட காசு. சேகரிக்கிறவங்க யாரும் தொட மாட்டாங்க. மாஸ்டரே மூணு தடவ வேணாம்னுட்டாரு. வித்தா திரும்பப் பணம் வராது."

"விக்கவா வாங்கறேன்? யாரு வெட்டினது இத?"

"பேரா தெரியும்? எகிப்துப் பக்கமோ, சிரியாப் பக்கமோ, எவனோ ஒரு வெள்ளி வியாபாரி. அப்பவே போலி இருந்துச்சுக்கா. உள்ள செம்பு, மேல வெள்ளி முலாம். காசு தூரத்து ஊரு சந்தைக்கு வந்தா அவன் முகத்தப் பார்த்து நம்ப மாட்டான். உளிய வெச்சு ஒரு போடு. உள்ளயும் வெள்ளிதான்னு தெரிஞ்சா வாங்கிப்பான். இந்தத் தெருவுலயே கீழ போய்ப் பழைய வெள்ளி வித்துப் பாருங்க, அரத்தால ஒரு ஓரத்த ராவிப் பார்த்துட்டுத்தான் தராசுல வெப்பான். அதே ஆளுதான். ரெண்டாயிரத்து நானூறு வருஷம் முன்னாடி பொறந்துட்டான்."

டெல்பின் கையுறைகளைக் கழற்றினாள். வெறும் விரலால் அந்த வெட்டைத் தொட்டாள். உள்ளேயும் வெள்ளிதான். வெட்டின் சுவர்கள் உள்ளே போகப் போகக் குறுகி ஓரிடத்தில் நின்றன. அந்த இடத்தில் ஒருவனுக்குச் சந்தேகம் தீர்ந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் மாஸ்டரின் விரலை ஊசியால் குத்திப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

வளையல் மாற்றுவதற்கென்று வைத்திருந்த பணத்தைக் கொடுத்து அதை வாங்கினாள். அமீன், அவள் பேரம் பேசாமலேயே, தானாகக் குறைத்தார். அதற்கு நன்றி சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள்.

திரும்பி வருகிற ஷேர் ஆட்டோவில் ஒரு பக்கம் கல்லூரிப் பெண், ஒரு பக்கம் பூக்கூடை. டெல்பின் கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்திருந்தாள். கிறிஸ்து பிறப்பதற்கு நானூறு வருஷத்துக்கு முந்தைய சாமான் ஒன்று ராயப்பேட்டை நெரிசலில் தன் மடியில் வந்துகொண்டிருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சாந்தோமில் கோயில் இல்லாத காலம். கிறிஸ்துவின் எந்தச் சீடர் பேரால் அந்தக் கோயில் நிற்கிறதோ அவர் பிறக்காத காலம். அந்தக் காலத்தில் இது சந்தையில் யாருடைய கையிலோ வியர்வையோடு இருந்திருக்கிறது. மீன் வாங்கியிருப்பார்கள். கடன் அடைத்திருப்பார்கள். வைத்தியனுக்குக் கொடுத்திருப்பார்கள். டெல்பினுக்கு முதுகில் சில்லென்றது. ஏசி இல்லாத ஆட்டோதான்.

வீட்டில் சகினாதான் முதலில் பார்த்தாள்.

"இன்னாமா இது, ஆந்தைய துட்டு குடுத்து வாங்கியாந்துகிற? அதுவும் மண்ட ஒடைஞ்ச ஆந்த. ஊர்ல யாராச்சும் ஆந்த மூஞ்சிய ஊட்ல வெப்பாங்களா?"

மாஸ்டருக்கு வேறு கோபம். "டெல்பி, மூணு தடவ வேணாம்னு வெச்ச காச ஏன் வாங்கின? வெட்டுப்பட்டது அது."

"வெட்டுக்காகத்தான் வாங்கினேன்."

"நான் வரையாம இந்த வீட்டுக்குள்ள ஒரு காசு வந்ததில்ல."

"இது உங்க காசு இல்லையே. என் காசு. நான் தடவிப் பார்த்து வாங்கினேன், அது என் சட்டம். என்னிக்கு இத வரைஞ்சு முடிக்கிறீங்களோ அன்னிக்கு வேணுமா வேணாமான்னு சொல்லுங்க, பார்க்கலாம். இப்ப கையக் குடுங்க."

அன்றிலிருந்து ஆந்தை அரிசிக்குள் போனது. தினமும் கண் கட்டு, தினமும் துழாவல். டெல்பின் அவர் கட்டைவிரலைப் பிடித்து வெட்டின் மேல் வைத்துத் தேய்ப்பாள். "தெரியுதா?" "இல்ல." "சரி, நாளைக்கு." வெயில் காலம் போய் மழைக் காலம் வந்தது. வேளச்சேரியில் ஸ்ரீலக்ஷ்மியின் தெருவில் தண்ணீர் ஏறி அவள் சில நாள் வர முடியாமல் போனபோதும் அரிசி டப்பா நிற்கவில்லை. பதில் மட்டும் மாறவில்லை. சில நாள் மாஸ்டர் பாதியிலேயே கையை எடுத்துத் துடைத்துக்கொள்வார். அந்த நாட்களில் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே அடுக்குவாள் டெல்பின்.

ஒரு சனிக்கிழமை காலை அந்தத் தவறு நடந்தது.

அந்தக் கோயில் பங்கைச் சேர்ந்த குடும்பங்களில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம். உலை வைக்கிறபோதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறொரு டப்பாவில் போட்டுவிட வேண்டும். மாதம் ஒரு தடவை அன்பியம் என்கிற தெருக் குழுவிலிருந்து ஒருவர் வந்து வீடு வீடாக அதைச் சேர்த்து, மந்தைவெளியில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோவார். அந்த மாதம் பக்கத்துத் தெரு ஜொவிட்டாவின் முறை. டெல்பினின் பிடி அரிசி டப்பாவும் பிஸ்கட் டப்பாதான். ஜொவிட்டா வருவாள் என்று அதைக் காலையிலேயே எடுத்து மேசை மேல் வைத்திருந்தாள். அரிசிப் பயிற்சி பாதியில் நின்றிருந்தது. மாஸ்டர் ஆந்தையைக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கிறவரை உள்ளேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு அவரைக் குளிப்பாட்டக் கூட்டிப் போயிருந்தாள்.

"டெல்பின் அக்கா, பிடி அரிசி!" என்று வாசலில் குரல்.

"மேச மேல டப்பா இருக்கு, கொட்டிக்கோ ஜொவி! அவர் முதுகுல சோப்பு போட்டுட்டிருக்கேன்!"

ஜொவிட்டா கொட்டிக்கொண்டு போய்விட்டாள்.

துவட்டி, உடுத்தி, உட்கார வைத்து, டப்பாவைத் திறந்தபோது காலி. பக்கத்தில் பிடி அரிசி டப்பா நிறைய இருந்தது.

டெல்பின் இரண்டு டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். எகிப்து, சிரியா எல்லாம் தாண்டி வந்த காசை, சோப்புக் கையோடு ஒரு சத்தம் போட்டு அனுப்பி வைத்திருக்கிறாள்.

"என்ன ஆச்சு?" என்றார் மாஸ்டர். சொன்னாள். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் எழுந்து செருப்பைத் தேடினார். நோய்க்குப் பிறகு அவராக வெளியே கிளம்பியது அதுதான் முதல் தடவை.

டெல்பின் வீடுதான் கடைசி வீடு; போன் செய்தபோது ஜொவிட்டா அதற்குள் மூட்டையை இல்லத்தில் இறக்கிவிட்டு வந்திருந்தாள். "அய்யோ அக்கா, எல்லார் வீட்டு அரிசியும் ஒண்ணாக் கலந்தாச்சே!" என்று அழாத குறை. டெல்பின் பிடி அரிசி டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாஸ்டரைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினாள்.

இல்லத்தின் சமையலறையில் சிஸ்டர் ஐரின் பொறுமையாகக் கேட்டார். "காசு எவ்வளவு பெருசு?" டெல்பின் விரலால் அளவு காட்டினாள். "எவ்வளவு பழசு?" சொன்னாள். சிஸ்டர் ஐரின் கரண்டியைக் கீழே வைத்தார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, அரிசி இன்னும் போடவில்லை.

அன்றைக்கு வந்து சேர்ந்திருந்த இரண்டு கோணி அரிசியையும் தரையில் சேலை விரித்துக் கொட்டினார்கள். இல்லத்துப் பாட்டிமார்கள் நடக்க முடிந்தவர்கள் நடந்தும், முடியாதவர்கள் சக்கர நாற்காலியிலும் வந்து சேர்ந்தார்கள். முறம் வந்தது, சல்லடை வந்தது. புழுங்கல், பச்சை, பொன்னி, ரேஷன் என்று சாந்தோம் தெருக்கள் எல்லாம் கலந்து கிடந்தன.

மாஸ்டரை ஒரு முக்காலியில் உட்கார வைத்து, அவர் முன்னால் ஒரு தாம்பாளத்தில் அரிசியைக் குவித்தார்கள், சும்மா இருக்க வேண்டாமே என்று. பழக்கதோஷத்தில் அவர் கண்ணை மூடினார். வலது கையை உள்ளே விட்டார். மற்றவர்கள் புடைத்துக்கொண்டிருந்தார்கள். டெல்பின் மட்டும், அதுவும் பழக்கதோஷம்தான், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் புருவம் சுருங்கியது.

"இருக்கு" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். விரல் அரிசியிலிருந்து வெளியே வந்தது. பிடியில் ஒரு கருங்கல். ரேஷன் அரிசியில் வருகிற சாதாரண கருங்கல்.

"அட, கல்லு" என்று பாட்டிமார்கள் மறுபடியும் முறத்துக்குத் திரும்பினார்கள்.

டெல்பின் தரையில் அவர் எதிரே உட்கார்ந்தாள். குரல் ஆஸ்பத்திரிக் குரலாகிவிட்டது. "கண்ணத் திறந்தீங்களா?"

"இல்ல."

"எப்படித் தெரிஞ்சுது?"

"குத்திச்சு. அரிசி மாதிரி இல்ல. ஒரு முனை இருந்துச்சு."

"எந்த விரல்?"

"கட்டவிரல். இதோ, இந்த ஓரம்."

"திரும்ப மூடுங்க." கல்லை வாங்கி, அவர் கட்டைவிரலில் ஒரு தடவை கல்லின் முனையையும் ஒரு தடவை தன் நகத்தையும் வைத்தாள். சரியாகச் சொன்னார். இன்னொரு தடவை வைத்தாள். தப்பாகச் சொன்னார். இன்னொரு தடவை. சரி.

"டெல்பின் அம்மா, இதுவா பாருங்க! சல்லடையில நிக்குது!" என்று சிஸ்டர் ஐரின் பின்னாலிருந்து கத்தினார்.

"அப்படி வைங்க சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்றாள் டெல்பின், திரும்பிப் பார்க்காமல்.

பிறகு எழுந்து போய் அதை வாங்கினாள். தவிட்டுத் தூள் படிந்து ஆந்தை எப்போதும் போல முறைத்தது. மாஸ்டரின் கண் இன்னும் மூடியிருந்தது. வலது உள்ளங்கையில் காசை வைத்தாள், ஆந்தைப் பக்கம் மேலே. கட்டைவிரல் ஓரத்திலிருந்து மெதுவாக உள்ளே வந்தது. வழுக்கியது. திரும்ப வந்தது. நின்றது. வெட்டுக்குள் இறங்கி, மேலும் கீழுமாக ஒரு தடவை போனது.

சமையலறையில் முறங்களெல்லாம் நின்றிருந்தன. கொதிக்கிற உலை மட்டும் கேட்டது.

"அவன் அடிச்ச அடி" என்றார் கடைசியில். "உளி கொஞ்சம் சாஞ்சிருக்கு, டெல்பி. வலது கைக்காரன். கண்ணால மூணு தடவ வரைஞ்சேன், இது தெரியல."

பாட்டிமார்களுக்குப் பொறுக்கவில்லை. "நாங்களும் பாக்கறோம்" என்றார்கள். காசு கை மாறியது. எண்ணெய்க் கை, சுருங்கிய கை, மருதாணிக் கை, நடுக்கக் கை. கண் இரண்டும் மங்கிப்போன ஒரு பாட்டி அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "சில்லுனு இருக்கு. எத்தன பேர் கையில இருந்துச்சோ" என்றாள். இத்தனை நூற்றாண்டு பெட்டியிலும் மண்ணிலும் கிடந்த காசு, செலவாகிற காலத்தில் போன மாதிரியே கையிலிருந்து கைக்குப் போய்க்கொண்டிருந்தது. மாஸ்டர் வலது கையை நீட்டியபடி, தன் முறை வருகிறவரை காத்திருந்தார்.

டெல்பின் பிடி அரிசி டப்பாவைச் சிஸ்டரிடம் கொடுத்தாள். அரிசியை அள்ள உதவினாள். உலைக்கு நேரமாகிவிட்டிருந்தது.

கை உடனே சரியாகிவிடவில்லை. அப்படியெல்லாம் ஆவதில்லை. அரிசி டப்பா தொடர்ந்தது, இப்போது மூடியில் சிவப்புப் பெயிண்டால் பெரிய சிலுவைக் குறியோடு. பென்சிலில் துணி சுற்றித் தடியாக்கிக் கொடுத்தாள். விழுந்தது. எடுத்துக் கொடுத்தாள். தவக்காலம் மறுபடியும் வந்து, ஈஸ்டரும் கழிந்த பிறகு ஒரு காலை, மாஸ்டர் ஜன்னலோரம் தாளை விரித்து உட்கார்ந்தார். முன்பெல்லாம் ஆந்தையை வரையும்போது கண்ணிலிருந்து தொடங்குவார். இந்தத் தடவை முதல் கோடாக வெட்டைப் போட்டார். சாய்ந்த கோடு. அதைச் சுற்றித்தான் நெற்றி வந்தது, கண்கள் வந்தன, மற்றதெல்லாம் வந்தது. கோடுகள் பள்ளிக்கூடப் பையன் போட்டது போலக் கோணின. பென்சில் இரண்டு தடவை விழுந்தது. சகினா கூட்டுவதை நிறுத்திவிட்டு விளக்குமாற்றோடு நின்று பார்த்தாள்.

"ஆந்த மாதிரிதான் கீது, மாஸ்டர்" என்றாள்.

அவர் தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு காசைப் பார்த்தார். பிறகு டெல்பினைப் பார்த்தார்.

"வரைஞ்சாச்சு. இது வேணும்."

டெல்பின் அலமாரியைத் திறந்து கிரேயான் பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"பள்ளம் பெருசு பண்ணணும்" என்றாள். "பஞ்சு நான் வெட்டித் தரேன்."